ஆட்சேபணை இல்லை

மாண்புமிகு நீர்வழிப் பாதுகாப்புத் துறை அமைச்சர், வழக்கறிஞர் தட்சிணாமூர்த்தி தம் வாழ்நாளில் ஒரு வழக்கில்கூடத் தோற்றதில்லை. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை எந்தச் சுவரை வேண்டுமானாலும் பாருங்கள், 'தோல்வியே அறியாத வழக்கறிஞரே!' என்றுதான் எழுதியிருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு வழக்கை முடியவிட்டால்தானே அதில் தோற்க முடியும்?

நான் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய முதல் வழக்கு எங்கள் தெரு வழக்கு. அஸ்தினாபுரத்தில் பள்ளமான ஒரு தெருவில் மூன்றாவது வீட்டில் நான் இருக்கிறேன், ஐந்தாவது வீட்டில் ஏசுபாதம் இருக்கிறார். எங்கள் தெரு முனையில் ஒரு கால்வாய் இருந்தது. மழைத்தண்ணீர் அதில் இறங்கி, அங்கே இங்கே வளைந்து, பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும். 1998இல் பொன்னுரங்கம் என்ற வட்டச் செயலாளர் அந்தக் கால்வாய்க்குக் குறுக்கே முள்வேலி போட்டார். தெருக்காரர்கள் கூடி வழக்குப் போடுவது என்று முடிவு செய்தோம். யார் பேரில் போடுவது என்ற பேச்சு வந்ததும் எல்லாருக்கும் திடீரென்று ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஏசுபாதம் அன்றைக்குக் காய்ச்சலில் லீவு போட்டிருந்தார். அதனால் அவர் வாதி ஆனார்.

வக்கீலாகக் கிடைத்தவர் தட்சிணாமூர்த்தி. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. பழைய மொபெட்டில் வந்தார். கறுப்புக் கோட்டோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, "இந்தக் கால்வாயைத் திறக்காம இந்தக் கோட்டை நான் கழட்ட மாட்டேன், ஏசண்ணா!" என்று சத்தியம் செய்தார். எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோட்டு பின்னால் அவருடைய அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. 'கழற்றவில்லை, கௌரவமாக வைக்கப்பட்டிருக்கிறது' என்று விளக்கம் சொல்கிறார்கள்.

முதல் வாய்தா பொன்னுரங்கத்தின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லாததால் வந்தது. இரண்டாவது, நம்மவருக்கு உடம்பு சரியில்லாததால். ஏழாவது வாய்தாவில் இரண்டு தரப்பும் கோர்ட் கேன்டீனில் ஒரே மேஜையில் டீ குடிப்பதை ஏசுபாதம் பார்த்தார். பதினைந்தாவது வாய்தா முடிந்ததும் பொன்னுரங்கம் நம் வக்கீலுக்குத் தன் கட்சியில் வார்டு சீட் வாங்கிக் கொடுத்தார். "இன்னா சார் இது?" என்று ஏசுபாதம் போய்க் கேட்டபோது, "வெளிய இருந்துகிட்டு ஒண்ணும் பண்ண முடியாது ஏசண்ணா. உள்ள பூந்துதான் உடைக்கணும்" என்றார் வக்கீல். அவர் உள்ளே புகுந்தார். அதற்கப்புறம் எதுவும் உடையவில்லை, எல்லாம் கட்டப்பட்டது.

அவர் கவுன்சிலர் ஆனபோது முள்வேலி இருந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டுப் படிப்பகம் திறந்தார்கள். 'முள்வேலியை அகற்றுக' என்றிருந்த வழக்கை 'படிப்பகத்தை அகற்றுக' என்று திருத்த வேண்டியதாயிற்று. திருத்துவதற்கு ஆறு வாய்தா. அவர் நகராட்சித் தலைவர் ஆனபோது படிப்பகத்துக்குக் கான்கிரீட் கூரை வந்தது. அந்த வழக்கில் நகராட்சியும் ஒரு பிரதிவாதி. ஆகவே வாதியின் வக்கீலும் அவர், பிரதிவாதியின் தலைவரும் அவர். அன்றைய நீதிபதி இது எப்படி என்று கேட்டார். "இரண்டு தரப்பு வேதனையும் அறிந்தவன் நான் ஒருவன்தான்" என்று பதில் சொல்லி, இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே வாய்தாவாக வாங்கினார். நேரம் மிச்சம் என்று பத்திரிகைகள் பாராட்டின. அப்புறம் சட்டமன்ற உறுப்பினர், அப்புறம் அமைச்சர். படிப்பகத்தை இடித்துவிட்டு அதே கால்வாய் மேல், வெள்ளம் வந்தாலும் பாதிக்காதபடி ஆறடி உயரத்துக்கு அடித்தளம் போட்டு, இரண்டு மாடிக் கட்டடம் எழும்பியது. அதற்குப் பெயர் 'வழக்கறிஞர் தட்சிணாமூர்த்தி இலவசச் சட்ட உதவி மையம்'.

இத்தனையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும், மூன்று நாளில் வடியும், சுவரில் கோடு விழும், பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். ஏசுபாதமும் அப்படித்தான் இருந்தார். அவருக்கு அவசரம் வந்தது 2023 டிசம்பர் புயலில்.

அவர் மனைவி தனம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்தப் புயலில் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது, குளியலறைக் கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். நானும் ஒரு மூலை பிடித்தேன். நனைந்த நைட்டியோடு, தெருவே வேடிக்கை பார்க்க, மெயின் ரோடு வரைக்கும் அப்படியே போனோம். தண்ணீர் வடிந்து வீடு திரும்பிய அன்று அவர் கணவரிடம் சொன்னாராம்: "இன்னொரு தபா என்னக் கதவுல வெச்சித் தூக்கினு போவாதீங்க. அதுக்கு அப்டியே வுட்டுடுங்க."

இதை ஏசுபாதம்தான் என்னிடம் சொன்னார். "அவ கேட்டது ஒண்ணுதான் சார். வூட்டுக்குள்ள தண்ணி வரக் கூடாது. அதான் இருவத்தேழு வருஷமா நானும் கேட்டுனுகீறேன்" என்றார்.

போன அக்டோபர் கடைசியில் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. கோர்ட்டுக்குப் புது நீதிபதி வந்து பழைய கட்டுகளையெல்லாம் தூசி தட்டினார். நவம்பர் இருபதாம் தேதி கடைசி வாய்தா, அன்றைக்கு வாதிக்காக யாரும் வாதாடாவிட்டால் வழக்குத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டார். ஏசுபாதத்தின் சபையைச் சேர்ந்த இளம் வக்கீல் சத்யபிரியா, தானே வாதாடுவதாக முன்வந்தார். பீஸ் வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு சின்னத் தடங்கல்தான் இருந்தது.

"அங்கிள், புது வக்காலத்துல உங்க பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை'ன்னு ஒரு கையெழுத்து போடணும். அப்பதான் நான் உங்களுக்காக நிக்க முடியும். அது எங்க தொழில் வழக்கம்" என்றார் சத்யபிரியா.

"அவரு மினிஸ்டரு ஆயிட்டாரேம்மா. கோர்ட்டுக்கே வர்றதில்லியே."

"பேப்பர்ல இன்னும் அவர்தான் உங்க வக்கீல்."

"நானே எழுந்து நின்னு பேசிடட்டா?"

"வக்கீல் இருக்கும்போது நீங்க பேச முடியாது அங்கிள்."

"வக்கீல்தான் இல்லியே?"

"பேப்பர்ல இருக்காரே" என்றார் சத்யபிரியா பொறுமையாக. "கையெழுத்து கிடைக்கலைன்னா கோர்ட்ல அனுமதி கேட்டு மனு போடலாம். அதுக்கு அவருக்கு நோட்டீஸ் போகணும், அவர் பதில் போடணும். அதுக்குள்ள இருபதாம் தேதி போயிடும். ஒரே ஒரு கையெழுத்துதானே, நேர்ல போய்க் கேட்டுடுங்க."

ஒரே ஒரு கையெழுத்துதான். ஏசுபாதம் வக்காலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அமைச்சரின் அலுவலகத்துக்குப் போனார். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் வேலைவாய்ப்பு, பட்டா, மருத்துவம், கல்யாணப் பத்திரிகை, பெயர் சூட்டுதல், இதர என்று ஆறு கட்டங்கள் இருந்தன. அமைச்சரின் உதவியாளர் பத்ரி படிவத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்களுக்கு இன்னா வேணும்?" என்றார்.

"அவருக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்."

"எதுல?"

"அவரு எனக்கு வக்கீலா இல்லாம போறதுல."

பத்ரி ஆறு கட்டங்களையும் பேனாவால் தொட்டுப் பார்த்தார். "இதர" என்று சொல்லி டிக் அடித்தார். "இதரவுக்கு சனிக்கெழம. சால்வை எடுத்துகினு வாங்க. வெறுங்கையோட வந்தா அண்ணன் மனசு கஷ்டப்படுவாரு."

சால்வைக் கடை எதிரிலேயே இருந்தது. சனிக்கிழமை ஏசுபாதம் ஒரு மஞ்சள் சால்வை வாங்கிக்கொண்டு முப்பத்து நாலாவது ஆளாக நின்றார். முன்னால் நின்ற முப்பத்து மூன்று பேரில் ஒன்பது பேர் கையில் அதே மஞ்சள் சால்வை, அதே மூலையில் அதே எண்ணெய்க் கறையோடு இருந்தது. லேத் ஓட்டியவரின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. கூட்டம் மெதுவாக நகர்ந்தது. பின்பக்கமாக ஒருவர் சால்வைகளை மூட்டையாகக் கடைக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

அமைச்சர் அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். கட்டிப் பிடித்துக்கொண்டார். "என் முதல் வழக்கு!" என்று கேமராக்காரரிடம் சொன்னார். "ஏசண்ணா, உங்கள நான் மறப்பேனா? அக்கா எப்படி இருக்காங்க?" ஏசுபாதத்துக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. உறையிலிருந்து வக்காலத்தை எடுத்து நீட்டினார். அமைச்சர் முகம் முழுக்கச் சிரிப்போடு அதை வாங்கினார். பச்சை மைப் பேனாவைத் திறந்தார். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், குறுக்காக எழுதினார்: 'மாவட்ட ஆட்சியர் - உரிய நடவடிக்கைக்கு.' கையெழுத்துப் போட்டார். பத்ரி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்தைந்தாவது ஆள் சால்வையோடு முன்னால் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஏசுபாதத்தின் போனில் செய்தி வந்தது. 'தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. தங்கள் மகிழ்ச்சியை ஒன்று முதல் ஐந்து வரை தெரிவிக்கவும்.' சத்யபிரியா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு வக்காலத்து தயார் செய்தார்.

அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்தே நாளில் வருவாய் ஆய்வாளர் கிட்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். கையில் ஏசுபாதத்தின் முதல் வக்காலத்து இருந்தது. அதில் ஏழு முத்திரைகள் விழுந்திருந்தன.

"சார், இதுல ஆட்சேபணை இல்லைன்னு சர்டிபிகேட் கேட்டிருக்கீங்க" என்றார் கிட்டு. "யாருக்கும் ஆட்சேபணை இருக்கான்னு விசாரிக்காம நாங்க எப்படி இல்லைன்னு எழுத முடியும்?"

"ஆட்சேபணை இல்லைன்னு சொல்ல வேண்டியது மினிஸ்டரு மட்டும்தான் சார்."

"அப்படிப் பார்த்தா நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று கிட்டு வருத்தமாகக் கேட்டார். கிட்டு ஏசுபாதத்தின் வீட்டை நாடா வைத்து அளந்தார். வடக்கு எது என்று கேட்டு ஒரு அம்புக்குறி போட்டு வரைபடம் வரைந்தார். பிறகு கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: 'மேற்படி விலாசத்தில் வசிக்கும் ஏசுபாதம் என்பவர் தன் வக்கீலை மாற்றிக்கொள்வதில் பொதுமக்களில் எவருக்கேனும் ஆட்சேபணை இருப்பின், பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

இரண்டு ஆட்சேபணைகள் வந்தன. ஒன்று, அரசாங்கம் ஒட்டும் எல்லா அறிவிப்புக்கும் ஆட்சேபணை எழுதிப்போடும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதியது. மற்றொன்று பொன்னுரங்கம் எழுதியது. 'இருபத்தேழு ஆண்டுகளாக இதே வழக்கறிஞரை எதிர்த்து வழக்காடிப் பழகிவிட்ட எனக்கு, இந்த வயதில் புதியவர் ஒருவரை எதிர்கொள்வது மன உளைச்சலைத் தரும்' என்று அதில் இருந்தது. விசாரணை நவம்பர் இருபத்தெட்டாம் தேதி என்று கிட்டு தகவல் சொல்லியனுப்பினார். கோர்ட் தேதிக்கு எட்டு நாள் கழித்து.

பதினைந்தாம் தேதி பத்ரியே போன் செய்தார். "பெரியவரே, லக்கு அடிச்சிது உங்களுக்கு. பதினேழாந்தேதி சட்ட உதவி மையம் திறப்பு விழா. ரிப்பன் நீங்கதான் வெட்டணும்னு அண்ணன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மொத வழக்கு பாருங்க, சென்டிமெண்ட்டு. உங்க பேப்பர எடுத்துகினு வாங்க, மேடையிலயே கையெழுத்து போட்டுத் தரேன்னு சொல்லிட்டாரு."

போனை வைத்துவிட்டு ஏசுபாதம் தனத்திடம் சொன்னார். தனம் கட்டிலில் படுத்தபடி அவரையே பார்த்தார்.

"எத்த இடிக்கச் சொல்லி கேஸு போட்டீங்களோ அத்த நீங்களே தொறந்து வெக்கப் போறீங்களா?"

"ரிப்பன்தான தனம். கையெழுத்து வந்துடுச்சின்னா ரிப்பன யாரு பாக்கப் போறாங்க?"

"அந்த வக்கீல் பொண்ண ஒரு வார்த்த கேளுங்க."

கேட்கத்தான் பார்த்தார். சத்யபிரியா அந்த இரண்டு நாளும் மதுரை பக்கம் உறவினர் கல்யாணத்தில் இருந்தார். போன் போகவில்லை. ஏசுபாதம் பீரோவிலிருந்து ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அவரைத் தடுத்திருக்கலாம். தோன்றவில்லை. விழாவில் பிரியாணி உண்டு என்று சொல்லியிருந்தார்கள், நானும் கூடவே போனேன்.

மேடையில் பதினோரு நாற்காலி, ஏசுபாதம் நடுவில். பக்கத்தில் பொன்னுரங்கம். இருபத்தேழு வருஷத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பொன்னுரங்கம் அவருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் திறந்து கொடுத்தார். பிறகு அமைச்சர் பேசினார். அந்தப் பேச்சை நான் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது! இன்று இங்கே நீதி ஓடப் போகிறது!" (கைதட்டல்.) "நீர்வழியைப் பாதுகாக்கும் துறை எனக்கு ஏன் கொடுக்கப்பட்டது? ஒரு நீர்வழியைப் பாதுகாக்க வேண்டும் என்றால் அதை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, அதன் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை என் இளமையிலேயே செய்து காட்டியவன் நான்! என் வழக்கு தாமதம் என்கிறார்கள். தாமதம்தான். ஆனால் அந்தத் தாமதத்தை நான் பணக்காரன், ஏழை என்று பார்த்தா கொடுத்தேன்? பொன்னுரங்கம் அண்ணனுக்கும் அதே வாய்தா, ஏசு அண்ணனுக்கும் அதே வாய்தா! நான் ஒரே வருஷத்தில் வழக்கை முடித்திருந்தால் இந்த ஏசு அண்ணனை இன்று எனக்கு ஞாபகம் இருக்குமா? முடிக்காத காரணத்தால் அல்லவா என் நெஞ்சில் இன்னும் வாழ்கிறார்!"

நானும் கை தட்டினேன். பொய் சொல்லக் கூடாது.

கத்தரிக்கோலை வெள்ளித்தட்டில் வைத்து நீட்டினார்கள். ஏசுபாதம் ரிப்பனை வெட்டப் பார்த்தார், வெட்டவில்லை. "மொக்க கத்தரி சார், சாணை புடிக்கணும்" என்றார். அமைச்சர் சிரித்துக்கொண்டே அவர் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினார். ரிப்பன் பிய்ந்தது. திரை விலகிக் கல்வெட்டு தெரிந்தது. பார்வையாளர் பதிவேட்டை நீட்டி, "சும்மா, மகிழ்ச்சின்னு எழுதி ஒரு சைன் போடுங்க பெரியவரே" என்றார் பத்ரி. ஏசுபாதம் 'மகிழ்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பட்டறையில் கற்ற ஒழுங்கு அது. பிறகு தன் உறையை எடுத்தார். இந்தத் தடவை விடவில்லை. "சார், 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதணும் சார், இந்த எடத்துல" என்று விரலை வைத்துக் காட்டினார். அமைச்சர் பச்சை மையில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று ஏசுபாதம் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். அறுபத்தெட்டு வயது மனிதர் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினார். "தனம், வாங்கிட்டேன்! இந்த மழையில தண்ணி வராது பாரு!" என்று அவர் கத்தியது எனக்கு மூன்றாவது வீட்டில் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இருபதாம் தேதி சத்யபிரியா எழுந்து நின்றார். நீதிபதி வக்காலத்தில் பச்சை மையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், ஆனால் ஏற்றுக்கொண்டார். சத்யபிரியா முக்கால் மணி நேரம் வாதாடினார். பழைய வரைபடம், கால்வாயின் அகலம், எந்த வருஷம் எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் எல்லாம் சொன்னார். அந்த வழக்கில் ஒருவர் வாதாடியது அதுதான் முதல் தடவை. நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். தலையைக்கூட ஆட்டினார். ஏசுபாதம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரசுத் தரப்பில் கேஷவ் எழுந்தார். ஒரு காலத்தில் தட்சிணாமூர்த்தியின் ஜூனியராக இருந்து இதே வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். வாதம் எதுவும் செய்யவில்லை. பதினெட்டாம் தேதிச் செய்திப் பேப்பரையும் மையத்தின் பார்வையாளர் பதிவேட்டு நகலையும் மேலே கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி பேப்பரில் இருந்த படத்தைப் பார்த்தார், ஏசுபாதத்தைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஆமாங்கய்யா."

"இடிக்கணும்னு நீங்க கேக்கற கட்டடம் இதுதானா?"

"அதேதாங்கய்யா."

"கத்தரிக்கோல் உங்க கையிலதானே இருக்கு?"

"ஆமாங்கய்யா. வெட்டலைங்க, மொக்கக் கத்தரி. மினிஸ்டருதான் அமுக்கினாரு."

"மகிழ்ச்சின்னு எழுதியிருக்கீங்க."

"கையெழுத்துக்காக எழுதினங்கய்யா" என்றார் ஏசுபாதம். "அவரு ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்னு..."

"எழுதித் தந்தது நீங்க" என்றார் நீதிபதி. கோபமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் பாவமாகத்தான் சொன்னார். "தானே மகிழ்ச்சியோடு திறந்து வைத்த கட்டடத்துக்கு ஒருத்தர் ஆட்சேபணை சொல்ல முடியாது." இருபத்தேழு வருஷ வழக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளுபடி ஆகிவிட்டது.

வராந்தாவில் சத்யபிரியா வழக்குக் கட்டை மடித்துப் பையில் வைத்தார். கடைசியில், "எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம் அங்கிள்" என்றார். அப்பீல் போடலாம் என்றும் சொன்னார். "எத்தினி வாய்தா ஆவும்மா?" என்று ஏசுபாதம் கேட்டார். சத்யபிரியா வக்கீலாகி மூன்று வருஷம்தான் ஆகிறது, இது அவருடைய முதல் தோல்வி. தட்சிணாமூர்த்தி மூன்று நாளைக்கு முன்பே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டதால் அவர் தோற்கவில்லை. மறுநாளே மெயின் ரோட்டில் புது சுவரொட்டி, அதே 'தோல்வியே அறியாத' வாசகம், புது போட்டோ.

இருபத்தெட்டாம் தேதி கிட்டு தன் விசாரணையை ஒழுங்காக நடத்தி முடித்தார். இரண்டு ஆட்சேபணைகளையும் நிராகரித்து, ஏசுபாதம் வக்கீலை மாற்றிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டு, அதை நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அவர் கொடுக்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் தெருமுனை வரைக்கும் போய், அங்கே ஆறடி அடித்தளத்தில் முட்டி, திரும்பி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. ஏசுபாதம் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்தார். பதினோரு மணிக்கு இன்னொரு வரிசை வைத்தார். பன்னிரண்டு மணிக்குச் செங்கல் தீர்ந்துவிட்டது. நான் உள்ளே போனபோது அவர் குளியலறைக் கதவின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். திருப்புளி நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். தனம் எங்களைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே கதவு, அதே நாலு பேர், அதே நைட்டியோ என்னவோ. கதவு மேல் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்த வாயில் மழைத்தண்ணீர் விழுந்தபோதுகூடத் துடைக்கச் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை அறைவது என்று தெரியாததால் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மெயின் ரோடு வரைக்கும் போக முடியவில்லை. அந்த வட்டாரத்தில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சட்ட உதவி மையம். படியேறி அங்கேதான் கொண்டுபோய்க் கூடத்தில் இறக்கினோம். தெரு முழுக்க ஏற்கெனவே அங்கே வந்து பாய் விரித்திருந்தது. அமைச்சரின் கறுப்புக் கோட்டு இருந்த கண்ணாடிப் பெட்டியையும் அங்கே மாற்றியிருந்தார்கள், விளக்குப் போட்டு. கல்வெட்டுக்குக் கீழேதான் கொஞ்சம் இடம் இருந்தது. மதியம் அமைச்சர் படகில் வந்து, எல்லாருக்கும் ரொட்டியும் டோக்கனும் கொடுத்தார். "இந்த மையத்தை இவ்வளவு உயரமா எதுக்குக் கட்டினேன்னு இப்ப புரியுதா?" என்று கேட்டார். புரிகிறது என்றோம். ஏசுபாதத்தின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படகேறிப் போனார்.

அவர் போன பிறகுதான் தனம் கண்ணைத் திறந்தார். தலைக்கு நேர் மேலே கல்வெட்டு. எழுத்துக் கூட்டி வாசித்தார். 'திறந்து வைத்தவர்: திரு. ஏசுபாதம் அவர்கள்.'

"இத்த இடிக்கத்தான கேஸு போட்டீங்க?" என்றார்.

"ஆமா" என்றார் ஏசுபாதம்.

"நல்ல வேள, தோத்துட்டீங்க. இடிச்சிருந்தா இன்னிக்கி நாம எங்க போயிருப்போம்?"

ஏசுபாதம் தன் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, மனைவியின் முகத்தை மெதுவாகத் துடைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் தெருக்காரர்கள், "அக்கா சொல்றது கரெக்டுதான்" என்றார்கள். யாரும் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கான டோக்கன் என் கையில் இருந்தது.